பிக்கப் வண்டியின் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் மாற்றுவது எப்படி

பெரிய டயர் மாட்டியதிலிருந்து வண்டி மந்தமாகிவிட்டது. சின்ன மேட்டுக்கே கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சுமையோடு கிளம்பினால் கிளட்ச் நாறுகிறது. பின் ஆக்சிலின் கியர் விகிதத்தை மாற்றலாமா என்று யோசிக்கும் பலருக்கும் கதை இப்படித்தான் தொடங்கும். இன்ஜினில் குறை எதுவும் இருக்காது. டயரின் விட்டம் கூடியதால் சக்கரம் ஒரு சுற்றில் போகும் தூரமும் கூடிவிட்டது, அதற்கான இழுவைதான் குறைந்துவிட்டது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீலையும் (பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனையும் (சிறிய பல்சக்கரம்) வேறு விகிதத்தில் மாற்றினால் அந்த இழுவை திரும்பி வரும்.

ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் கழற்றினோம், மாட்டினோம் என்று முடிகிற வேலை இல்லை. நேரத்தில் பெரும்பகுதி அளவெடுப்பதிலேயே போகும். முதல் முறை செய்பவர் ஒரே பினியனை நான்கைந்து தடவையாவது கழற்றி மாட்ட வேண்டிவரும். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள்.

எந்த விகிதம் வேண்டும்?

கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். 41 பல் கிரவுனும் 11 பல் பினியனும் சேர்ந்தால் 3.73. அதே 41-க்கு 10 பல் பினியன் என்றால் 4.10, 9 பல் என்றால் 4.56. எண் கூடக் கூட இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றும் கூடும்.

இப்போது வண்டியில் என்ன விகிதம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், கவரைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விடுங்கள். பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரோப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 3.73. சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு சக்கரங்களும் தனித்தனியாகச் சுற்றுவதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் வகை இருந்தால் இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி, ஒரே ஒரு சுற்று சுற்றி எண்ண வேண்டும்.

புது விகிதத்துக்கான கணக்கு சுலபம். பழைய விகிதத்தைப் புது டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 29 அங்குல டயரும் 3.73 விகிதமும் இருந்த வண்டிக்கு 33 அங்குல டயர் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3.73 × 33 ÷ 29 = 4.24. அச்சாக 4.24 கிடைக்காது. 4.10, 4.30, 4.56 என்று உங்கள் ஆக்சிலுக்கு எது வருகிறதோ அதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்ஜின் சுற்றில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். டாப் கியர் நேர் இணைப்பாக, அதாவது 1-க்கு 1 இருக்கும் வண்டியில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பழைய 29 அங்குல டயரோடு இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2690 சுற்று ஓடும். 33 அங்குல டயர் போட்டதும் அது 2360-க்கு இறங்கிவிடும், மந்தத்துக்குக் காரணம் அதுதான். 4.10 போட்டால் 2600, 4.30 போட்டால் 2720, 4.56 போட்டால் 2890. டிரெய்லர் இழுப்பவரும் மலைப்பாதையில் சுமையோடு போகிறவரும் கணக்கில் வந்த எண்ணுக்கு ஒரு படி மேலே போவது நல்லது. நெடுஞ்சாலையிலேயே காலம் கழிக்கும் வண்டிக்கு ஒரு படி கீழே போதும். ஆசைக்கு ரொம்ப மேலே போக வேண்டாம் என்பது என் கருத்து. விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும், அதன் வலுவும் குறையும்.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் முன் ஆக்சிலிலும் அதே விகிதத்தைப் போட்டாக வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு விகிதத்தில் இருக்க, கெட்டித் தரையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். 4.10-க்கு 4.11 போன்ற மயிரிழை வித்தியாசம் பரவாயில்லை.

இரண்டாவது, கேரியர், அதாவது கிரவுன் வீலைத் தாங்கும் கூடு. சில ஆக்சில்களில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கேரியரையே மாற்ற வேண்டும், ஏனென்றால் பினியன் சிறுக்கும்போது கிரவுன் வீல் இன்னும் நெருங்கி வந்தாக வேண்டும். டானா நிறுவனத்தின் டானா 44 ஆக்சிலில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92 முதல் வேறு கேரியர். டானா 60-இல் இந்த எல்லை 4.10-க்கும் 4.56-க்கும் நடுவில் இருக்கிறது. இதை விசாரிக்காமல் கியரை மட்டும் வாங்கி வந்தால், எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் பல்லுக்குப் பல் எட்டவில்லை என்பது தெரியும்.

என்னென்ன வேண்டும்?

கிரவுன் பினியன் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியவை அவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், எண் மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூடவே முழு கிட் ஒன்று வாங்குங்கள்: பினியன் பேரிங் இரண்டு, கேரியர் பேரிங் இரண்டு, ஆயில் சீல், ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), கிரஷ் ஸ்லீவ் (பினியன் நட்டை முறுக்கும்போது நசுங்கி பேரிங் அழுத்தத்தைச் சரியாக வைக்கும் குழாய்), பினியன் நட்டு, கிரவுன் போல்ட்டுகள். பழைய பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே போட நினைக்காதீர்கள்.

கருவிகளில் டார்க் ரெஞ்ச் இரண்டு தேவை. ஒன்று பெரிய முறுக்குக்கு. மற்றொன்று 1, 2 நியூட்டன் மீட்டரைக்கூடக் காட்டும் முள் வைத்த சிறிய ரெஞ்ச். காந்தக் காலோடு டயல் கேஜ் ஒன்று, ஷிம் அளக்க மைக்ரோமீட்டர், பேரிங் புல்லர், பேரிங் அழுத்த ஹைட்ராலிக் பிரஸ், பித்தளைக் கம்பி, பற்கள் தொடும் தடத்தைக் காட்டும் மார்க்கிங் பேஸ்ட். பிரஸ் சொந்தமாக இல்லாவிட்டால் லேத் பட்டறையில் அழுத்தி வாங்கிக்கொள்ளலாம். டயல் கேஜ் மட்டும் இல்லாமல் தொடங்கவே கூடாது. கையால் ஆட்டிப் பார்த்து பிளே சொல்லிவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

அந்த ஆக்சிலுக்கான சர்வீஸ் மேனுவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் தரும் எண்கள் பல ஆக்சில்களுக்குப் பொதுவானவை. மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

பிரிக்கும் முன் அளவெடுங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஆயிலை வடித்து, பின் கவரைக் கழற்றி, பிரேக் கிளீனரால் பற்களைச் சுத்தமாகக் கழுவுங்கள்.

இப்போது அவசரப்படாதீர்கள். பழைய கியரின் பேக்லாஷை, அதாவது பல்லுக்குப் பல் இருக்கும் பிளேயை, டயல் கேஜால் அளந்து எழுதி வையுங்கள். நான்கு பற்களில் பேஸ்ட் தடவிச் சுற்றி, விழும் தடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் ஓடிய ஆக்சில் என்றால் அந்தத் தடம்தான் உங்கள் பாடப்புத்தகம்.

அடுத்து பேரிங் கேப்கள். கேரியரை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இந்த இரண்டு கேப்களும் ஹவுசிங்கோடு சேர்த்தே கடையப்பட்டவை. இடது வலது மாறக்கூடாது, தலைகீழாகவும் போகக்கூடாது. சென்டர் பஞ்சால் இடது கேப்பில் ஒரு புள்ளி, அதற்கு நேராக ஹவுசிங்கில் ஒரு புள்ளி, வலதில் இரண்டிரண்டு புள்ளி. நான் முதன்முதலாகச் செய்தபோது பெயிண்டால் குறி வைத்தேன். கிளீனர் பட்டதும் குறி அழிந்துபோனது. எந்தக் கேப் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை முழுதும் போனது. பஞ்ச் குறி அழியாது.

பிரிப்பது

ஆக்சில் ஷாஃப்டைக் கழற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும். ஹப்பின் வெளிப்புறத்தில் வட்டமாக போல்ட் இருந்தால் அவற்றைக் கழற்றி ஷாஃப்டை நேராக உருவலாம். சில வண்டிகளில் பிரேக் தட்டுக்குப் பின்னால் நான்கு நட்டு இருக்கும். வேறு சிலவற்றில் ஷாஃப்டின் உள்முனையை சி வடிவக் கிளிப் ஒன்று பிடித்திருக்கும். அதற்குக் கேரியரின் குறுக்கே போகும் பின்னை எடுத்து, ஷாஃப்டை உள்ளே தள்ளினால் கிளிப் விழும். அந்தப் பின்னைப் பூட்டும் சின்ன போல்ட் உடையும் சுபாவம் கொண்டது, நிதானமாகத் திருப்புங்கள். ஏபிஎஸ் சென்சார் இருந்தால் ஷாஃப்டைத் தொடும் முன்பே கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

புரோப்பல்லர் ஷாஃப்டுக்கும் பினியன் ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து ஒரு குறி போட்டுக் கழற்றுங்கள். பேரிங் கேப் போல்ட்டுகளை முழுதாக எடுக்காமல் நாலைந்து மரை மிச்சம் வைத்துவிட்டு, கேரியரை நெம்புகோலால் நெம்புங்கள். கேரியர் சட்டென்று வெளியே வரும், நல்ல கனம். கேப்கள் பிடித்துக்கொள்ளாவிட்டால் மடியில்தான் விழும். வெளியே எடுத்ததும் இடது ஷிம் எது, வலது ஷிம் எது என்று தனித்தனியாகக் கட்டி வையுங்கள்.

சில வண்டிகளில் பின் கவரே இருக்காது, டிஃபரன்ஷியல் முழுதாக முன்பக்கமாகக் கழன்று வரும். அது கிடைத்தவர்களுக்குப் பாதி சிரமம் குறைவு, மேசை மேல் வைத்து நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம்.

கிரவுன் போல்ட்டுகளைக் கழற்றும் முன் தலையைப் பாருங்கள். சில ஆக்சில்களில் அவை இடது மரை. ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருந்தால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.

பினியன் நட்டைக் கழற்ற ஃபிளாஞ்சை நீளமான இரும்புப் பட்டையால் பிடிக்க வேண்டும். நட்டு கழன்றதும் பினியனைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி உள்பக்கமாக எடுங்கள். பழைய பினியனின் தலைப் பேரிங்குக்கு அடியிலோ, ஹவுசிங்கில் அதன் கப்புக்குப் பின்னாலோ ஒரு ஷிம் இருக்கும். அதை மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். மொத்த வேலையும் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

புதியதைப் பொருத்துவது

கேரியரில் கிரவுன் வீல் உட்காரும் முகத்தை அரத்தால் லேசாகத் தடவிப் பாருங்கள். ஒரு பிசிறு இருந்தாலும் வீல் கோணலாக உட்காரும். கிரவுன் வீலை வெந்நீரிலோ அடுப்புச் சூட்டிலோ மிதமாகச் சூடாக்கினால் கேரியர் மேல் தானாக இறங்கும். தண்ணீரில் போட்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். புது போல்ட்டுகளுக்குச் சிவப்பு திரெட் லாக்கர் போட்டு, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். வீலை இழுத்து உட்கார வைக்க இம்பாக்ட் கன் பயன்படுத்த வேண்டாம்.

பினியனுக்குப் பழைய ஷிம் அளவையே முதலில் போட்டுத் தொடங்குங்கள். பலமுறை கழற்ற வேண்டியிருக்கும் என்றேன் அல்லவா, அதற்கு ஒரு வழி உண்டு. பழைய பேரிங்கின் உள்துளையைக் கொஞ்சம் தேய்த்து அகலப்படுத்திவிட்டால் அது பினியன் மேல் கையாலேயே ஏறி இறங்கும். அளவு சரியாகும் வரை அந்தப் பேரிங்கை வைத்துப் பாருங்கள். புதுப் பேரிங்கைக் கடைசியில் ஒரே தடவை அழுத்தினால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பழைய பேரிங்கும் புதியதும் ஒரே உயரமா என்று அளந்து, வித்தியாசம் இருந்தால் ஷிம்மில் சரிக்கட்டுங்கள்.

இந்தச் சோதனைக் கட்டத்தில் கிரஷ் ஸ்லீவ் போடக்கூடாது. பினியன் ஆடாமல், அதே நேரம் கையால் சுற்றும்படி நட்டை முறுக்கினால் போதும். பிறகு கேரியரை ஷிம்களோடு இறக்கி, கேப்களைப் பூட்டுங்கள். ஷிம் இரண்டு பக்கமும் இறுக்கமாகத் தட்டித்தான் இறங்க வேண்டும். கையால் நழுவி இறங்கினால் பேரிங்குக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது.

இப்போது டயல் கேஜை கிரவுன் வீலின் ஒரு பல்லில், வெளிமுனைக்கு அருகே, பல்லுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முள் நகரும் தூரம்தான் பேக்லாஷ். பல ஆக்சில்களுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி. மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பிளே அதிகம் என்றால் கிரவுன் வீல் பினியன் பக்கம் போக வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து எடுத்த ஷிம்மை மறுபக்கத்தில் சேருங்கள், மொத்தம் மாறக்கூடாது. 0.25 மில்லிமீட்டர் ஷிம் நகர்த்தினால் பிளே ஏறக்குறைய 0.18 மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஷிம்முக்குப் பதில் மரை வைத்த வளையங்கள் உள்ள ஆக்சிலில் ஒன்றைத் தளர்த்திய அளவு மற்றதை முறுக்கினால் போதும்.

தடம் பார்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மார்க்கிங் பேஸ்டை நாலைந்து பற்களின் இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். பழைய துணியைக் கிரவுன் வீலில் வைத்து அழுத்தி ஒருவர் தடை கொடுக்க, மற்றவர் பினியனை ரெஞ்சால் சுற்றட்டும். தடவிய பற்கள் பினியனைத் தாண்டி இரண்டு திசையிலும் போய் வர வேண்டும். சும்மா சுற்றினால் தடம் சரியாக விழாது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் பேஸ்டுக்கு நடுவே உலோகம் பளிச்சென்று தெரியும் ஒரு நீள்வட்டம் இருக்கும். அதன் விளிம்பைக் கவனியுங்கள். நல்ல தடத்தின் விளிம்பு மெல்ல மங்கி முடியும். பல்லின் உச்சியிலோ அடியிலோ கத்தியால் வெட்டியது போல நேர்கோடாக நின்றுவிட்டால் பினியனின் ஆழம் தப்பு. தடம் உச்சியில் ஏறியிருந்தால் பினியன் தூரத்தில் நிற்கிறது, கிரவுன் வீலை நோக்கிப் போக வேண்டும். பெரும்பாலான ஆக்சில்களில் அதற்கு ஷிம்மைத் தடியாக்க வேண்டும். தடம் அடியில் புதைந்திருந்தால் பினியன் ரொம்ப நெருங்கிவிட்டது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் 0.1 மில்லிமீட்டர் போலத் தாராளமாகவே மாற்றிப் பாருங்கள். தடம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அப்புறம் பாதி பாதியாகக் குறைத்துச் சரியான இடத்தைப் பிடிக்கலாம்.

உயர வாக்கில் தடம் நடுவில் வந்துவிட்டால் நீள வாக்கில் உள்முனை, வெளிமுனை பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கொஞ்சம் உள்முனை பக்கம் இருந்தால் நல்லதுதான், சுமை ஏறும்போது அது வெளிமுனையை நோக்கி நகரும். ஒவ்வொரு முறை பினியன் ஷிம் மாற்றிய பிறகும் பேக்லாஷை மறுபடி அளக்க மறக்காதீர்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும்.

கிரஷ் ஸ்லீவ்

தடமும் பிளேயும் சரியானதும் எல்லாவற்றையும் கழற்றி, புதுப் பேரிங்குகளை அழுத்தி, புது சீல், புது கிரஷ் ஸ்லீவ், புது நட்டு போட்டு இறுதியாகப் பூட்ட வேண்டும். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே 350 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டியிருக்கும். நீளமான பைப் இல்லாமல் நடக்காது. முதலில் பினியன் முன்பின் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ஆட்டம் நிற்கும். அங்கிருந்து கடிகார முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுகூட அதிகம். கொஞ்சம் முறுக்கி, பினியனைப் பலமுறை சுற்றி, சின்ன டார்க் ரெஞ்சால் சுற்றும்போது வேண்டிய முறுக்கை அளங்கள். புதுப் பேரிங்குக்குப் பொதுவாக 1.5 முதல் 3 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். கிளம்பும்போது காட்டும் எண் கணக்கில் சேராது, சீராகச் சுற்றும்போது காட்டுவதுதான் அளவு.

தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் மறுபடி விரியாது, பேரிங் தளர்ந்துபோய் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிடத் தொடங்கும். புது ஸ்லீவ் போட்டு மறுபடி செய்வதுதான் ஒரே வழி. எனக்கு அப்படி ஒன்று வீணாகியிருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு ஸ்லீவ் வாங்கி வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

கேரியரை ஏற்றி, கேப்களை மேனுவல் சொன்ன முறுக்கில் பூட்டி, பேக்லாஷையும் தடத்தையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். பிறகு ஷாஃப்ட், பிரேக், கவர்.

ஆயிலும் முதல் ஓட்டமும்

இந்த வகைக் கியரில் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நிற்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல்-5 தர ஆயில்தான் வேண்டும். பாகுத்தன்மை மேனுவலில் இருக்கும். லிமிடெட் ஸ்லிப் இருந்தால் அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரையும் சேருங்கள்.

முதல் ஓட்டம் பதினைந்து இருபது நிமிடம், நிதானமான வேகத்தில். பிறகு வண்டியை நிறுத்தி ஆக்சில் முழுதாக ஆறும் வரை விடுங்கள். புதுப் பற்கள் முதல் தடவை அதிகமாகச் சூடாகும், அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து ஓட்டினால் ஆயில் கருகிப் பற்கள் கெடும். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் வேண்டாம், முழுச் சுமையும் வேண்டாம்.

ஸ்பீடோமீட்டரையும் சரிபாருங்கள். கியர்பாக்ஸின் வெளிமுனையில் சென்சார் உள்ள வண்டியில், டயர் மாறாமல் 3.73-இலிருந்து 4.10-க்குப் போனால், 100-இல் ஓடும்போது மீட்டர் 110 காட்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கியர் மாறும் நேரமும் குழம்பும், கணினியில் புது விகிதத்தைப் பதிய வேண்டும். சக்கரத்திலிருந்தே வேகம் எடுக்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. டயர் அளவை மட்டும் திருத்தினால் போதும்.

ஓட்டும்போது காதைத் தீட்டி வைத்திருங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டுமோ, காலை எடுக்கும்போது மட்டுமோ ஊளைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பினியன் ஆழத்தில் பிழை. இரண்டிலும் மாறாமல் உறுமினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவைக்காதீர்கள், கியர் சத்தம் தானாகக் குறைந்து நான் பார்த்ததில்லை.

800 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி மெல்லிய தூள் ஒட்டியிருக்கும், அதை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மாவு போல வழுவழுப்பாக இருந்தால் துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி வேலையைத் தொடங்கலாம். நெருடினாலோ, செதிலாக ஏதாவது பளபளத்தாலோ, கவரை மறுபடி திறந்து தடத்தைப் பாருங்கள்.